41 பேருக்கு ஒரு பேர் கூட இல்லையா?

முதல்ல ஒரு சின்ன பரீட்சை. திருச்சிக்காரங்க மட்டும் எழுதினா போதும், மத்த ஊர்க்காரங்க வேடிக்கை பாருங்க.

கேள்வி 1: திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ் எந்த வருஷம் ஆரம்பிச்ச ஓட்டல்?

1943. எல்லாரும் பாஸ்.

கேள்வி 2: அங்க என்ன விசேஷம்?

நெய் தோசை. நூத்துக்கு நூறு. (சொல்லும்போதே நாக்குல தண்ணி வருதுல்ல?)

கேள்வி 3: காந்தி மார்க்கெட்ல முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் ஒண்ணு இருக்கு. அதுல என்ன எழுதியிருக்கு?

...

என்ன மக்களே, சத்தத்தையே காணோம்? வெட்கப்படாதீங்க. போன நவம்பர் வரைக்கும் நானும் உங்க கட்சிதான். அந்த இடத்தை நான் குறைஞ்சது ஆயிரம் தடவை கடந்து போயிருப்பேன். நமக்கு அது பஸ் திரும்புற இடம், ஆட்டோ நிக்கிற இடம், "அந்தக் கல்லுக்கிட்ட நில்லு, வந்துடறேன்"னு போன்ல அடையாளம் சொல்ற இடம். அதுல எழுத்து இருக்குன்னே மண்டையில ஏறினது இல்ல.

விடையை நானே சொல்லிடறேன். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இங்கேயிருந்து 302 பேர் போனாங்க, அதுல 41 பேர் உயிரை விட்டாங்க. அவ்வளவுதான் விஷயம். 302. 41. ரெண்டு எண்.

அந்த ரெண்டு எண்ணு மேலதான் எனக்குக் கோபம். பி.காம் படிக்கிறவனுக்கு எண்ணு மேல கோபம் வரலாமான்னு கேட்காதீங்க, அதுக்கும் கீழ பதில் வச்சிருக்கேன்.

தாத்தாவும் அப்பாயியும் ஊர் சுத்தப் போறாங்க

எங்க தாத்தா பழைய மெட்ராஸ் ரெஜிமென்ட். 71 சண்டையில இருந்தவர். ஹவில்தாரா ரிட்டயர் ஆகி வந்து ஸ்ரீரங்கத்துல செட்டில் ஆனவர். தீபாவளிக்குக் கூட புதுச்சட்டை போட மாட்டார். ஆனா நவம்பர் 11 வந்தா காலையிலேயே குளிச்சு, வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டு, இடது பக்கம் மெடல்களை வரிசையா குத்திக்குவார். அப்பாயி சுங்குடிச் சேலை கட்டிக்கும், தலை நிறைய பூ. 77 வயசுக்காரரும் 72 வயசுக்காரியும் ஜோடியா கிளம்புறதைப் பார்த்தா ஏதோ கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும்.

வருஷத்துல ரெண்டு பேரும் சேர்ந்து வெளிய போற ஒரே நாள் அதுதான். ரூட்டும் மாறாது. முதல்ல காந்தி மார்க்கெட் நினைவுச் சின்னத்துக்கு அஞ்சலி. அப்புறம் கன்டோன்மென்ட் போய் மேஜர் சரவணன் நினைவுச் சின்னத்துக்கு ஒரு சல்யூட். சாயங்காலம் திரும்பி வர்ற வழியில திருவானைக்காவல்ல இறங்கி பார்த்தசாரதி விலாஸ்ல நெய் தோசையும் காபியும். "நான் அவருக்காக அங்க வர்றேன், அவரு எனக்காக இங்க வர்றாரு"ன்னு அப்பாயி சொல்லும். ஐம்பது வருஷக் குடும்பத்தோட ஒப்பந்தம் அது. :)

போன வருஷம் தாத்தாவுக்கு முட்டி வலி. பஸ்ல அனுப்ப அப்பா சம்மதிக்கல. அதனால டிரைவர் வேலை எனக்கு. "ஒரு கிளாஸ் கட்"னு சந்தோஷமாத்தான் போனேன்.

விழா நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. என்.சி.சி. பசங்க விறைப்பா நின்னாங்க. பியூகிள் ஊதினாங்க. மலர் வளையம் வச்சாங்க. ரெண்டு நிமிஷம் மௌனம். அந்த நேரத்துல பக்கத்துல மூட்டை இறக்கிட்டிருந்த சுமைதூக்கும் அண்ணன் ஒருத்தர், யாரும் சொல்லாமலே தலைத்துண்டை அவிழ்த்துக் கையில வச்சுக்கிட்டு நின்னார். மார்க்கெட் சத்தம் நிக்கல, அது எங்க நிக்கும். ஆனா அவர் நின்னார்.

அப்புறம் பேச்சு ஆரம்பிச்சது. மாவீரர்கள், தியாகச் செம்மல்கள், மண்ணின் மைந்தர்கள், வீர வணக்கம். வழக்கமான எல்லாமே வந்தது. முடிஞ்சதும் தாத்தா மெதுவா நடந்துபோய் ஏற்பாடு பண்ணினவங்கள்ல ஒருத்தர்கிட்ட கேட்டார்.

"சார், இவங்க பேரு என்ன?"

"நாப்பத்தோரு பேருங்க ஐயா."

"எத்தனை பேருன்னு கேக்கல தம்பி. பேரு என்னன்னு கேக்குறேன்."

அந்த ஆளு தாத்தாவை ஒரு மாதிரி பார்த்துட்டு, "அதான் கல்லுலயே எழுதியிருக்கே ஐயா"ன்னு சொல்லிட்டு போட்டோ எடுக்கப் போயிட்டார்.

தாத்தா கோபப்படல. வருஷா வருஷம் கேட்டுப் பழகிப்போன மனுஷன். எனக்குத்தான் காது சூடாயிடுச்சு. கல்லுல என்ன எழுதியிருக்குன்னு அன்னைக்குத்தான் கிட்டப்போய்ப் பார்த்தேன். 302. 41. பேர் ஒண்ணு கூட இல்ல.

கன்டோன்மென்ட்ல ஒரு பேர்

அங்கேயிருந்து கன்டோன்மென்ட். மேஜர் சரவணனைப் பத்தி நம்ம ஊர்ல தெரியாதவங்க கம்மி. பீகார் ரெஜிமென்ட் முதல் பட்டாலியன். 1999 மே 29 அன்னைக்கு கார்கில் போர்ல, படாலிக் பகுதியில சண்டை போட்டு இறந்தார். அவரோட உடலை மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவர ஒரு மாசத்துக்கும் மேலாச்சு. இறந்த பிறகு வீர் சக்ரா கொடுத்தாங்க. திருச்சியில அவர் பேர்ல நினைவுச் சின்னம். அங்க போறவங்க ஒரு மனுஷனைப் பார்க்கப் போறாங்க. பேரு இருக்கு, முகம் இருக்கு, ஊர் இருக்கு, சண்டை எங்க நடந்துச்சுன்னு இருக்கு. தாத்தா அங்க சல்யூட் அடிக்கும்போது எதிரே யார்னு அவருக்குத் தெரியும்.

காந்தி மார்க்கெட்ல அவர் சல்யூட் அடிச்சது யாருக்கு? ஒரு கூட்டல் தொகைக்கு!

ஒரே ஊர், ஒரே சாவு. 1999-ல செத்தவருக்குப் பேர் உண்டு, நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்களுக்குக் கிடையாதா?

"அந்தக் காலத்துல அப்படித்தான்"னு சொல்லுவீங்க. அதுவும் பொய். இதே போர்ல செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்கெல்லாம் பேரை ஒண்ணு விடாம கல்லுல வெட்டியிருக்கான். ஈராக்ல பஸ்ரான்னு ஒரு ஊர். முதல் உலகப் போர்ல மெசபடோமியாவுல செத்து, கல்லறை எதுன்னு தெரியாமப் போன 40,000 பேருக்கு மேல நினைவா 1929-ல அங்க ஒரு பெரிய நினைவுச் சின்னம் திறந்தாங்க. அதுல பிரிட்டிஷ்காரன்னா சாதாரணச் சிப்பாய் வரைக்கும் பேர் உண்டு. இந்தியன்னா அதிகாரிக்கு மட்டும்தான் பேர். நம்ம சிப்பாய்களுக்கு? பட்டாளத்துப் பேரைப் போட்டு, பக்கத்துல இத்தனை பேர்னு ஒரு எண்.

இது நான் கிளப்பி விடுற புரளி இல்ல. அந்தக் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரல்ல ஒரு அறிக்கை வெளியிட்டு ஒத்துக்கிட்டது. ஆசியா, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை மத்தவங்களுக்குச் சமமா நினைவுகூரப்படல. அது போக, குறைஞ்சது 1,16,000 பேருக்குப் பேரால நினைவு இல்ல, அல்லது நினைவே இல்ல. மன்னிப்பும் கேட்டாங்க. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் பார்லிமென்ட்ல எந்திரிச்சு மன்னிப்பு கேட்டார்.

சரி, வெள்ளைக்காரன் மன்னிப்பு கேட்டுட்டான். அவன் பண்ணின அதே தப்பை வருஷா வருஷம் மாலை போட்டுக் கும்பிட்டுட்டு இருக்கோமே, நாம எப்போ கேக்கப் போறோம்?

அந்தவன்னு ஒருத்தன் இருந்தான்

செத்த வீரனுக்குக் கல் வைக்கிறதை நமக்கு வெள்ளைக்காரன் வந்து கத்துக்கொடுக்கல. நடுகல் நம்ம சமாச்சாரம். கல்லைத் தேடுறது, எடுத்து வர்றது, நீராட்டுறது, நடுறது, படையல் போடுறது, வாழ்த்துறதுன்னு அதுக்கு முறை வச்சுத் தொல்காப்பியமே பேசுது. வீரனோட பேரையும் அவன் செஞ்ச காரியத்தையும் கல்லுல பொறிக்கிற வழக்கத்தைச் சங்கப் பாட்டுகள் சொல்லுது.

வெறும் பாட்டுல மட்டும் இல்ல. 2006-ல தேனி மாவட்டம் ஆண்டிபட்டி பக்கத்துல புலிமான்கோம்பைங்கிற கிராமத்துல தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு சில நடுகற்களைக் கண்டுபிடிச்சது. தமிழ் பிராமி எழுத்து. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. அதுல ஒரு கல்லு, கூடலூர்ல நடந்த ஆகோள் பூசல்ல, அதாவது மாடு பிடிக்கிற சண்டையில, செத்துப்போன ஒருத்தனுக்கு வச்சது. அவன் பேரு அந்தவன். எந்த ஊர்க்காரன்னும் அந்தக் கல்லு சொல்லுது.

கொஞ்சம் யோசிங்க மக்களே. மாட்டுச் சண்டையில செத்தவன். ராஜா இல்ல, தளபதி இல்ல. எழுத்தே அப்பத்தான் நடை பழகுது. கல்லு செதுக்குறவனுக்குக் கூலி கொடுக்க ஊர்ல எவ்வளவு இருந்திருக்கும்? ஆனாலும் அந்த ஊரு "இங்கிருந்து இத்தனை பேர் போனாங்க, இத்தனை பேர் செத்தாங்க"ன்னு எழுதல. அந்தவன்னு எழுதிச்சு. இன்னைக்கு திருச்சியில உட்கார்ந்துக்கிட்டு அவன் பேரை நான் டைப் அடிக்கிறேன்.

ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின மாட்டுச் சண்டைக்காரன் பேர் தெரியும். எங்க கொள்ளுத்தாத்தா காலத்துல, லால்குடியிலயோ முசிறியிலயோ பக்கத்துத் தெருவுல இருந்து கிளம்பிப் போனவன் பேர் தெரியாது. இதுல நாம மணிக்கொரு தடவை "கல் தோன்றி மண் தோன்றா"ன்னு மைக் பிடிக்கிறோம்!

ஆட்சேபணைகள் வரிசையா வரட்டும்

இதை கிளாஸ்ல சொன்னப்போ வந்த எதிர்ப்பெல்லாம் ஞாபகம் வச்சிருக்கேன். ஒவ்வொண்ணா வர்றேன்.

"அவங்க வெள்ளைக்காரனுக்காகச் செத்தவங்கதானே? கூலிக்கு மாரடிச்சவங்களுக்கு எதுக்குடா மரியாதை?"

இதைச் சொன்ன நண்பன் படிப்பு முடிஞ்சதும் பன்னாட்டுக் கம்பெனியில சேர ஆப்டிடியூட் டெஸ்டுக்கு மனப்பாடம் பண்ணிட்டு இருக்கான். ஹி ஹி. சரி, விஷயத்துக்கு வருவோம்.

அன்னைக்கு ஒரு சிப்பாய்க்கு மாசச் சம்பளம் 11 ரூபாய். அந்தப் பதினோரு ரூபாய்க்கு எங்கெல்லாம் போனாங்க தெரியுமா? பாளையங்கோட்டைப் பேரைத் தாங்கின 63-வது பட்டாளத்தை 1914 நவம்பர்ல கிழக்கு ஆப்பிரிக்காவுல டாங்காங்கிற இடத்துல இறக்கினாங்க. மெட்ராஸ் சாப்பர்ஸ் மெசபடோமியா வரைக்கும் போனாங்க. மழை பொய்ச்சா பட்டினின்னு இருந்த ஊர்ல இருந்து ஒருத்தன் பட்டாளத்துக்குப் போறதைத் தேசத்துரோகம்னு சொல்ல, வயிறு நிறைஞ்ச நமக்கு என்ன யோக்கியதை?

இன்னொண்ணு. அந்தக் கல்லு நிக்கிற மார்க்கெட்டுக்கு யார் பேரு? காந்தி பேரு. அந்தக் காந்தியே 1918-ல குஜராத்ல கேடா மாவட்டத்துல ஊர் ஊரா நடந்து, இதே போருக்கு ஆள் சேர்க்கப் பிரசாரம் பண்ணினார். சில மாசம் முன்னாடி வரி கட்டாதீங்கன்னு சத்தியாக்கிரகம் நடத்தின அதே சீமையில. அவருக்குப் பேர் கொடுத்து மார்க்கெட்டே வச்சோம், சரியாத்தான் செஞ்சோம். போருக்கு ஆள் கூப்பிட்டவர் பேர் போர்டுல இருக்கு, போனவன் பேர் மட்டும் இருக்கக் கூடாதுன்னா என்னய்யா நியாயம்?

பாரதியாரும் இதே போர்ல ஜெர்மனிகிட்ட அடிவாங்கின பெல்ஜியத்துக்கு வாழ்த்துப் பாடியிருக்கார். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்து மேல குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டன் பேரையும் நாம மறக்கல. நூறு வருஷமா கில்லாடி ஆளை "சரியான எம்டன்டா"ன்னு சொல்லிட்டு இருக்கோம். குண்டு போட்டவன் பேர் நம்ம வாயில இருக்கு. போய்ச் செத்தவன் பேர் இல்ல.

"நூறு வருஷம் ஆச்சு. பேரெல்லாம் இப்ப எங்கடா கிடைக்கும்?"

இது கொஞ்சம் நியாயமான கேள்வி. பேர் தொலைஞ்சதுக்கு ஒரு காரணம் உண்டு. பட்டாளத்துல ஞாபகத்தைக் காப்பாத்துறது அந்தந்த ரெஜிமென்ட். ஆனா போர் முடிஞ்சு பத்து வருஷத்துக்குள்ள சென்னை மாகாணத்துக் காலாட்படைகளைக் கலைச்சுட்டாங்க. தெக்கத்திக்காரன் போர்க்குணம் உள்ள இனம் இல்லைங்கிறது வெள்ளைக்காரனோட கண்டுபிடிப்பு. அடுத்த உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1941-42-ல மறுபடி மெட்ராஸ் ரெஜிமென்ட்டை எழுப்பினாங்க. ("வீர மதராசி, அடி கொல்லு"ன்னு தாத்தா தூக்கத்துல கத்துறது அந்த ரெஜிமென்ட் முழக்கம்தான்.) நடுவுல அந்த இடைவெளியில சங்கிலி அறுந்து போச்சு.

அறுந்துச்சு, அழியல. நான் மேல சொன்ன அதே ஆணையம், ரெண்டு உலகப் போர்லயும் இறந்த 17 லட்சம் பேரோட பட்டியலை இணையத்துல இலவசமா வச்சிருக்கு. இந்தியச் சிப்பாய்கள் பலரோட பதிவுல அப்பா பேரு, கிராமம், தாலுகா, ஜில்லா வரைக்கும் இருக்கு. பஸ்ரா கல்லுல எண்ணா நிக்கிறவங்களுக்கும் பதிவேட்டுல பேர் உண்டு. நம்ம ஊர் பேரை வெள்ளைக்காரன் ஸ்பெல்லிங்ல திரிச்சினாப்பள்ளின்னு போட்டுத் தேடணும். முசிறி, குளித்தலை, பெரம்பலூர், உடையார்பாளையம்னு தாலுகா தாலுகாவா தேடணும். ஸ்பெல்லிங் கொலைகள் இருக்கும், பொறுமை வேணும். அவ்வளவுதான் தேவை.

பஞ்சாப்காரங்க செஞ்சு காட்டிட்டாங்க. லாகூர் மியூசியத்துல தூங்கிட்டு இருந்த பழைய பதிவேடுகளை எடுத்து, முதல் உலகப் போர்ல பங்கெடுத்த 3,20,000 பஞ்சாபிகளோட விவரத்தை டிஜிட்டல் ஆக்கும் வேலையை ஒரு பல்கலைக்கழகத்தோட சேர்ந்து ஆரம்பிச்சு, 2021-ல முதல் தொகுதியை வெளியிட்டாங்க. இன்னைக்கு ஒரு பஞ்சாபிப் பையன் தன் கிராமத்துப் பேரைத் தட்டி யார் யார் போனாங்கன்னு பார்க்கலாம். அவங்க வேலை மூணு லட்சத்துச் சொச்சம். நம்ம வேலை 41. சரி, முழுசா வேணும்னா 302. ஒரு கிளாஸ் பசங்க ஆளுக்கு அஞ்சு பேர் எடுத்தா போதும்.

"எண்ணிக்கை இருந்தா போதாதா? அஞ்சலி அஞ்சலிதானே?"

இப்ப வர்றேன் பி.காம் விஷயத்துக்கு.

நமக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தாங்க. சன்ட்ரி கிரெடிட்டார்ஸ் மொத்தம் இவ்வளவுன்னு ஒரு கணக்கு இருக்கும். அதாவது நாம பாக்கி வச்சிருக்கிற ஆளுங்களோட மொத்தத் தொகை. ஆனா அதுக்குப் பின்னாடி யார் யாருக்கு எவ்வளவுன்னு தனித்தனி லெட்ஜர் இருக்கணும். மொத்தம் மட்டும் இருக்கு, லெட்ஜர் இல்லன்னு சொன்னா ஆடிட்டர் என்ன கேப்பார்? "யாருக்குய்யா பாக்கி?"ன்னு கேப்பார். பதில் இல்லன்னா அது கணக்கு இல்ல, கதை.

காந்தி மார்க்கெட் கல்லு நாம பாக்கி வச்சிருக்கிற மொத்தம். லெட்ஜர் காணோம். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மொத்தத்துக்கு மாலை போட்டுட்டு வர்றோம்.

எண்ணை மட்டும் வச்சே பாருங்க, உடனே ஒரு கேள்வி வருது. இந்தியாவிலிருந்து அந்தப் போருக்குப் போனவங்க ஏறக்குறைய 13 லட்சம், செத்தவங்க 74,000. அதாவது பதினெட்டு பேர்ல ஒருத்தர். திருச்சிக் கல்லுப்படி 302-க்கு 41. ஏழு பேர்ல ஒருத்தர்! ரெண்டு மடங்குக்கும் மேல. 13 லட்சத்துல சண்டை போடாத சமையல்காரங்க, வண்டி ஓட்டினவங்க எல்லாம் அடக்கம், அதைக் கழிச்சுப் பார்த்தாலும் இடிக்குது. ஏன் நம்ம ஊர்ப் பசங்க அவ்வளவு பேர் செத்தாங்க? குண்டுபட்டா, காலராவுலயா, கைதியா மாட்டியா? எந்தப் பட்டாளம், எந்த ஊர், எந்த மாசம்? பேர் இருந்தா இதை ஒவ்வொண்ணாத் தேடிப் பிடிக்கலாம். எண்ணை வச்சுக்கிட்டு மாலைதான் போட முடியும்.

நெய் தோசை முன்னாடி

சாயங்காலம் பார்த்தசாரதி விலாஸ். தெருவுலயே நெய் வாசம். இடம் பிடிச்சு உட்கார்ந்தோம். பக்கத்து மேஜையில என் வயசுப் பசங்க நாலு பேர் தோசையை வீடியோ எடுத்துட்டு இருந்தாங்க. "1943-ல இருந்து அதே டேஸ்ட், மக்களே"ன்னு ஒருத்தன் போனைப் பார்த்துப் பேசுறான். நான் அவனைக் கிண்டல் பண்ணல. நானும் போன வருஷம் அதையேதான் எடுத்தேன்.

அப்பத்தான் உறைச்சது. உலகம் ரெண்டாவது சண்டையில எரிஞ்சிட்டிருந்த வருஷம் ஆரம்பிச்ச ஓட்டலோட வருஷம் நமக்கு ஞாபகம் இருக்கு. எந்த தோசை, எந்த நேரம் கூட்டம் கம்மி, எல்லாம் தெரியும். ஓட்டல் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அது செய்ய வேண்டியதைச் சரியாச் செய்யுது. தினமும் அடுப்பு எரியுது, தினமும் ஆள் வர்றாங்க, அதனால ஞாபகம் தானா நிக்குது. குறை நம்ம மேல. நாக்குக்கு எட்டுற பழமையை மட்டும் பாரம்பரியம்னு கொண்டாடுறோம். படிக்க வேண்டிய பழமை, தேட வேண்டிய பழமைன்னா வருஷத்துக்கு ஒரு மாலையோட முடிச்சுக்கிறோம்.

தாத்தா பேசாம சாப்பிட்டுட்டு இருந்தார். நான்தான் அந்த "நாப்பத்தோரு பேருங்க ஐயா" கதையை அப்பாயிகிட்ட சொல்லிச் சிரிச்சேன். அப்பாயி சிரிக்கல. தோசையைப் பிச்ச கை அப்படியே நின்னுச்சு.

"எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஏழாவது மாசம் சண்டை வந்துச்சு. ஊர்ல டீக்கடையில மட்டும்தான் ரேடியோ. பொம்பளப் புள்ள டீக்கடைக்குப் போகக் கூடாதுன்னு எங்க மாமியா வையும். நான் தண்ணி எடுக்கப் போற சாக்குல தெருமுனையில நிப்பேன். இன்னைக்கு இத்தனை பேருன்னு வாசிப்பான். எனக்கு வயித்தைக் கலக்கும். அந்த இத்தனைல உங்க தாத்தா உண்டான்னு எப்புடித் தெரியும்? பேரச் சொல்லித் தொலைய மாட்டானான்னு இருக்கும். சொல்லிட்டா அதுல இவரு பேரு வந்துருமோன்னும் இருக்கும். சண்டை முடிஞ்சும் காயிதம் வரல. ரொம்ப நாள் கழிச்சு ஒரு கார்டு வந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. கீழ இவரு பேர எழுதியிருந்த எடத்த மட்டும் காட்டச் சொல்லி, அதத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

தாத்தா தலையைத் தூக்கல. அப்பாயி தொடர்ந்துச்சு.

"அந்த நாப்பத்தோரு பேருக்கும் ஒரு ஆத்தா இருந்திருப்பா, பொண்டாட்டி இருந்திருப்பா. கடல் தாண்டிப் போனவன் வருவான் வருவான்னு பாத்துருப்பா. கடைசியில ஊரு கல்லு வச்சிருக்காம்னு யாராச்சும் சொல்லி, மார்க்கெட்டுக்கு வந்து தொட்டுப் பாக்கலாம்னு வந்திருப்பா. எதத் தொடுவா?"

எனக்கு தோசை இறங்கல.

அதனால என்ன பண்ணலாம்?

திட்டிட்டு மட்டும் போனா நானும் மைக் பிடிக்கிற ஆளு மாதிரிதான். என் கோரிக்கை ரொம்பச் சின்னது.

ஒண்ணு: பேர்களைத் தேடுறது. அந்தப் பட்டியலை வச்சு, தாலுகா வாரியா. ஆதாரம் உறுதியான பேர் மட்டும் போதும். 41-ல 20 கிடைச்சா 20. மீதிக்கு இடம் விட்டு வைப்போம்.

ரெண்டு: பழைய கல்லுல கை வைக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். பக்கத்துல ஒரு பலகை. தமிழ்ல. பேரு, ஊரு, பட்டாளம், இறந்த தேதி, புதைச்ச இடம் அல்லது பேர் பதிஞ்ச இடம். 2019 பிப்ரவரியில டெல்லியில திறந்த தேசியப் போர் நினைவகத்துல சுதந்திரத்துக்கு அப்புறம் இறந்த 25,000 பேருக்கு மேல ஒவ்வொரு பேரையும் தனித்தனியா கல்லுல வெட்டியிருக்காங்க. நம்ம ஊருக்கு 41 வரி முடியாதா?

மூணு: நவம்பர் 11 அன்னைக்கு பேச்சைக் குறைச்சுட்டு பேர்களை வாசிங்க. ஒரு பேருக்கு மூணு நொடி. 41 பேருக்கு 123 நொடி. ரெண்டு நிமிஷம் மூணு நொடி. மௌன அஞ்சலிக்கு ஆகுற அதே நேரம்தான். "தியாகச் செம்மல்"னு ஒரு தடவை சொல்ற நேரத்துல ஒருத்தன் பேரைச் சொல்லிடலாம்.

அந்தச் சுமைதூக்கும் அண்ணன் துண்டை அவிழ்த்துக்கிட்டு நின்னாரே, அவருக்கு யாருக்காக நிக்கிறோம்னு தெரியணும். அவரோட கொள்ளுத்தாத்தாவே அந்த 41-ல ஒருத்தரா இருக்கலாம். யாருக்குத் தெரியும்? அதுதான் பிரச்சினையே.

வர்ற நவம்பர் 11-க்கும் டிரைவர் நான்தான், தாத்தாகிட்ட சொல்லிட்டேன். கையில ஒரு தாளோட வர்றதா வாக்கு கொடுத்திருக்கேன். எத்தனை பேர் அதுல இருக்கும்னு இப்ப சொல்ல முடியாது. ஒரு பேர் இருந்தாலும் அதை சத்தமா வாசிக்கச் சொல்லி தாத்தாகிட்ட கொடுப்பேன். ஆளுக்கு ஒரு தாலுகா எடுத்துக்க வர்றவங்க கை தூக்குங்க. வேலை முடிஞ்சதும் திருவானைக்காவல்ல நெய் தோசை என் செலவு.

(முதல் மூணு பேருக்கு மட்டும். நானும் ஸ்டூடண்ட்தாங்க.)

டிஸ்கி: "உனக்கு அரியர் ரெண்டு இருக்கே, அதை முதல்ல தேடு"ன்னு சொல்ல வர்ற வகுப்புத் தோழர்களுக்கு: அதுக்கும் எண்ணிக்கை மட்டும் சொல்லாதீங்க, பேப்பர் பேரோட சொல்லுங்க. :)